திசைச்சொல்லும் சான்று காட்டலும்: பாலக்காடு – இடுக்கி எல்லைப்புற வழக்குகளை முன்வைத்து

வட்டார வழக்குகளைப் பற்றிய தமிழ் ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் முன்னுரையாக ஒரு கூற்று இடம்பெறக் காணலாம். செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலங்கள் இன்னின்னவை என்றும், அவற்றுள் குட்டநாட்டார் தாயைத் ‘தள்ளை’ என்றும் குடநாட்டார் தந்தையை ‘அச்சன்’ என்றும் வழங்கினர் என்றும் தொல்காப்பியர் குறிப்பிடுகிறார் என்பதே அக்கூற்று. கேரள எல்லைப்புறத் தமிழைப் பற்றிய கட்டுரையாயின் இது தவறாமல் வரும். குட்டமும் குடமும் மலையாள நாட்டைச் சார்ந்தவை ஆதலால் எல்லைப்புற ஆய்வுக்கு இதைவிடப் பழமையான சான்று கிடைக்காது எனக் கருதப்படுகிறது.

ஆனால் தொல்காப்பியர் அவ்வாறு கூறவில்லை. சொல்லதிகாரத்தின் எச்சவியலில், பன்னிரு நிலத்தும் அவ்வந்நிலத்தார் தத்தம் குறிப்பில் வழங்குவன திசைச்சொற்கள் என்ற அளவிலேயே நூற்பா அமைந்துள்ளது. நிலத்தின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை; எடுத்துக்காட்டுச் சொல் ஒன்றும் இல்லை. நிலப்பெயர்களைத் தந்தவர்கள் உரையாசிரியர்கள். நிலந்தோறும் ஒரு சொல்லாக எடுத்துக்காட்டுகளை நிரப்பித் தரும் விரிந்த பட்டியல் நன்னூல் உரைகளில் காணப்படுவது. நூலுக்கும் உரைக்கும் இடையே பல நூற்றாண்டுகள் உள்ளன. இளம்பூரணர் 11ஆம் நூற்றாண்டையோ 12ஆம் நூற்றாண்டையோ சேர்ந்தவர் எனவும், சேனாவரையரும் மயிலைநாதரும் அவருக்குப் பிந்தியவர்கள் எனவும் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. நன்னூலே 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது.

மேற்கோளில் பெயர் மாறிப்போனதால் என்ன குறைந்துவிட்டது என்று வினவலாம். காலம் மாறிவிடுகிறது. ‘தள்ளை’ என்ற வடிவம் தொல்காப்பியர் காலத்திலேயே மேலைக்கரைக்கு உரியதாகப் பிரித்தறியப்பட்டது என்றால், மலையாளத்தின் சொற்றொகுதி தனித்து வளரத் தொடங்கிய காலத்தைப் பற்றி நாம் ஒருவகையாகப் பேச வேண்டும். அது நன்னூலின் உரையாசிரியர் காட்டிய வழக்கு என்றால், மலையாளம் தனக்கென இலக்கியமும் கல்வெட்டு வழக்கும் பெற்றுவிட்ட பிறகு தமிழ்ப் புலவர் ஒருவர் அண்டை நாட்டுப் பேச்சைக் குறித்ததாக அது முடியும். முன்னது தோற்றத்திற்குச் சான்று. பின்னது தொடர்புக்குச் சான்று. ஒரு பெயரை மாற்றி எழுதுவதால் ஒன்று மற்றொன்றாகிவிடுகிறது.

இரண்டு பட்டியல்கள்

உரையாசிரியர்களும் ஒரே பட்டியலைத் தரவில்லை. சேனாவரையர் பொங்கர் நாடு, ஒளி நாடு, தென்பாண்டி நாடு, குட்ட நாடு, குட நாடு, பன்றி நாடு, கற்கா நாடு, சீத நாடு, பூழி நாடு, மலைநாடு, அருவா நாடு, அருவா வடதலை எனத் தென்கிழக்கில் தொடங்கி வடகிழக்கில் முடியுமாறு எண்ணுகிறார். உரைகளில் எடுத்தாளப்படும் ஆசிரியர் பெயரற்ற வெண்பா ஒன்றில் பொங்கரும் ஒளியும் மலைநாடும் இல்லை. அவற்றுக்கு ஈடாக வேணாடும் மலாடும் புனல்நாடும் உள்ளன. ஏனைய ஒன்பது பெயர்களும் இரண்டிற்கும் பொதுவானவை.

இவ்வேறுபாடு எல்லைப்புற ஆய்வாளருக்கு மிக முக்கியமானது. வேணாடு திருவனந்தபுரம், கொல்லம் பகுதிகளைக் குறிப்பது. அதனை உட்கொண்ட பட்டியலும் விலக்கிய பட்டியலும் செந்தமிழின் மேற்கெல்லையை வெவ்வேறாக வரைகின்றன. மலாடு என்பது திருக்கோவலூரைச் சூழ்ந்த மலையமான் நாடு. மலைநாடு என்பதோ பிற்கால வழக்கில் சேரநாட்டிற்கே பெயராயிற்று. சேனாவரையரின் மலைநாடு வெண்பாவின் மலாடுதானா, வேறா என்பது ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டிய ஒன்று. அவ்வாறு ஆராயாமல் மலைநாடு என்ற பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, தேவிகுளம், பீருமேடு மலைகளைத் தொல்காப்பியர் சுட்டிய நிலமாகக் காட்டுவது எளிது. அப்போது நடுநாட்டுப் பெண்ணையாற்றங்கரை ஊர்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இடம் பெயர்ந்துவிடக்கூடும்!

கொங்கு என்னும் பெயர் இரு பட்டியலிலும் இல்லை என்பதும் நோக்கத்தக்கது. சீத நாட்டைக் கோவை, நீலகிரிப் பகுதிகளுடன் இணைப்பாரும் உளர். குட நாடு எது என்பதிலும் அறிஞர் ஒருமிக்கவில்லை. எனவே கொங்கிலிருந்து மேலைக்கரைக்குச் செல்லும் பாலக்காட்டுக் கணவாய் எந்த நிலத்தின் விளிம்பு என்பதைப் பட்டியலைக் கொண்டு மட்டும் சொல்ல இயலாது.

தெய்வச்சிலையார் முற்றிலும் வேறொரு வழியில் சென்றார். செந்தமிழ் சேர்ந்த நிலம் என்பதற்குச் செந்தமிழ் நிலத்தை அடுத்துள்ள பிற நிலங்கள் எனப் பொருள் கொண்டு, கொல்லம், சிங்களம், துளுவம் முதலியவற்றை அவர் நோக்கினார். இவ்வுரையைக் கொண்டால் திசைச்சொல் தமிழின் கிளைவழக்கு ஆகாது. அயல்மொழிச் சொல் ஆகும். பவணந்தியார் இரண்டையும் ஏற்கும் வகையில், பன்னிரு நிலத்தோடு தமிழ் ஒழிந்த பிற நிலங்களையும் தம் நூற்பாவில் சேர்த்துக்கொண்டார். ஆகவே, ‘பன்னிரு நிலம்’ என்று எழுதுவோர் யாருடைய பன்னிரண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கேட்ட சொல்லும் படித்த சொல்லும்

நன்னூல் உரைகளில் வரும் எடுத்துக்காட்டுகளைச் சற்று நின்று பார்த்தால் அவை ஒரு தன்மையன அல்ல என்பது விளங்கும். பூழி நாட்டார் நாயை ‘ஞமலி’ என்பர் எனக் காட்டப்படுகிறது. ஆனால் ஞமலி சங்கப் பாடல்களில் பயிலும் சொல். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும்போதே வந்துவிடுகிறது. தோழியைக் குறிக்கும் ‘இகுளை’, தோழனை விளிக்கும் ‘எலுவ’ ஆகியனவும் அகப்பாடல்களில் உள்ளவையே. இவற்றை ஒரு நிலத்திற்கு மட்டும் உரியவை எனக் கொள்ளச் சங்க இலக்கியம் இடம் தரவில்லை. வழக்கிறந்த இலக்கியச் சொற்களுக்குப் பட்டியலில் இடம் தேடித் தந்ததாகவே தோன்றுகிறது.

தள்ளையும் அச்சனும் அத்தகையன அல்ல. மலையாளத்தில் ‘தள்ள’ இன்றும் உண்டு. ‘அச்சன்’ இன்றும் தந்தைக்குரிய இயல்பான சொல். இவற்றைப் பட்டியலில் சேர்த்தவர், அவர் யாராயினும், மேலைக்கரைப் பேச்சை நேரிலோ பிறர் வாயிலாகவோ அறிந்திருக்க வேண்டும். ஆக, ஒரே பட்டியலில் காதாற் கேட்ட சொல்லும் ஏட்டிற் படித்த சொல்லும் அருகருகே நிற்கின்றன. எது எத்தகையது என்று பிரித்துக்காட்ட உரையாசிரியரிடம் ஒரு குறியீடும் இல்லை. இரண்டிற்கும் ‘என்ப’ என்ற ஒரே முடிபுதான்.

பழைய உரையாசிரியர்களுக்கு மேற்கோள் நெறி தெரியாது என்று இதனால் கொள்ளலாகாது. அடியார்க்குநல்லார் சிலப்பதிகார உரைப்பாயிரத்தில் தாம் எந்நூல்களைத் துணைக்கொண்டு இசை, நாடகப் பகுதிகளுக்கு உரை வகுத்தார் என்பதைப் பெயர் சுட்டியே கூறுகிறார். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் என்பன அவை. தொன்னூல்கள் இறந்துபட்டமையால் இவற்றைக் கொண்டே எழுத நேர்ந்தது என்ற விளக்கமும் அங்கே உண்டு. முதற்சான்று கிடைக்காதபோது எந்த இரண்டாம் சான்றைக் கொண்டேன் என்று வெளிப்படுத்தும் இம்முறையைவிட இன்றைய ஆய்வு நெறிநூல்கள் கூடுதலாகக் கேட்பது யாதுமில்லை எனலாம். உ. வே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பில், எந்தப் பாடலை எந்த உரையாசிரியர் எங்கே எடுத்தாண்டார் என்பதை ‘மேற்கோளாட்சி’ என்ற தலைப்பில் பாடல்தோறும் தந்ததும் இம்மரபின் வளர்ச்சியே.

ஏட்டில் உள்ளதைச் சுட்டுவதற்கு நெறி இருந்தது. வாயில் உள்ளதைச் சுட்டுவதற்குத்தான் இல்லாமற் போயிற்று. நூலுக்கு ஆசிரியன் உண்டு; பேச்சுக்கு ‘நாட்டார்’ என்ற கூட்டப்பெயர் போதும் என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. எல்லைப்புற ஆய்வில் நாம் இன்றும் சந்திக்கும் இடர்ப்பாடு இங்கே தொடங்குகிறது.

அச்சு வந்த பின்

உரைகள் அச்சேறிய வரிசையும் மேற்கோள்களின் போக்கைத் தீர்மானித்துள்ளது. ஆறுமுக நாவலர் நன்னூல் விருத்தியுரையை 1851இல் பதிப்பித்தார். சேனாவரையம் சி. வை. தாமோதரம் பிள்ளையால் 1868இல் வெளிவந்தது. மயிலைநாதர் உரையைச் சாமிநாதையர் 1918இலும் சங்கர நமச்சிவாயர் உரையை 1925இலும் வெளியிட்டார். தெய்வச்சிலையார் உரை கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக 1929இல்தான் பலர் கைக்குக் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒருவர் தெய்வச்சிலையாரின் மாற்றுக் கருத்தைக் குறிப்பிடவில்லை என்றால் அது மறைப்பு ஆகாது. அதே நூற்றாண்டின் கட்டுரையை இன்று எடுத்தாண்டு, ஒரே பட்டியல்தான் உள்ளது எனக் காட்டுவது பிழை.

கால்டுவெல்லின் ஒப்பிலக்கணமும் இவ்வாறே கவனத்துடன் கையாள வேண்டியது. 1856இல் முதற்பதிப்பும், ஆசிரியரே விரித்துத் திருத்திய இரண்டாம் பதிப்பு 1875இலும் வந்தன. அவர் மறைவுக்குப் பின் 1913இல் பிறர் பதிப்பித்த மூன்றாம் பதிப்பில் சில பகுதிகள் நீக்கப்பட்டன. பின்னர் மறு அச்சுகளாகப் பரவியது பெரும்பாலும் இம்மூன்றாம் பதிப்பே. மலையாளம் தமிழிலிருந்து கிளைத்தது பற்றிய கால்டுவெல்லின் கருத்தை மேற்கோள் காட்டுவோர் மறு அச்சின் ஆண்டை மட்டும் எழுதினால், 19ஆம் நூற்றாண்டுக் கருத்து ஒன்று 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு வந்துவிடுகிறது. ‘கால்டுவெல் (1974)’ என்பது போன்ற குறிப்பைக் கண்டு மாணவர் என்ன நினைப்பர்?

மேலைக்கரையிலிருந்தே கிடைக்கும் சான்றுகளை நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. 14ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் மணிப்பிரவாள இலக்கணமாகிய லீலாதிலகம், கேரளர் பேச்சு சோழ, பாண்டியர் பேச்சிலிருந்து எங்ஙனம் வேறுபடுகிறது என்பதை வடிவங்களை எதிரெதிரே நிறுத்திக் காட்டுகிறது. ‘வந்தான்’ என்பதற்கு ‘வன்னான்’, ‘தேங்காய்’ என்பதற்குத் ‘தேங்ங’ என்றவாறு அது செல்கிறது. இங்குச் சொல்பவர் அம்மொழியைப் பேசும் நாட்டினர். ஒப்பிடுவது தனிச்சொல்லை மட்டுமன்று, ஒலிமாற்றத்தை. குட்டநாட்டார், குடநாட்டார் என்று கிழக்கிலிருந்து சுட்டியதற்கும் இதற்கும் சான்றின் தரத்தில் வேறுபாடு உண்டு.

குண்டர்ட் 1872இல் மங்களூரில் வெளியிட்ட மலையாள அகராதி மற்றொரு முன்மாதிரி. சொல் எந்நூலில் உள்ளது, வட மலபாரினதா, தென் மலபாரினதா என்பதற்கெல்லாம் சுருக்கக் குறியீடுகள் தரப்பட்டுள்ளன. தலைச்சேரி ஆவணங்களிலிருந்து எடுத்த சொல்லுக்குத் தனிக் குறியீடு உண்டு. புலவர் அல்லாதாரின் கடிதங்களும் மனுக்களும் சான்றாக ஏற்கப்பட்டு, அவற்றின் பிறப்பிடமும் மறைக்கப்படாமல் நிற்பது அவ்வகராதியின் சிறப்பு.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) இலக்கியச் சொற்களுக்கு நூற்பெயரும் பாட்டெண்ணும் தருவதில் ஒப்பற்றது. திசைச்சொற்களுக்கு உரைச் சான்றையும் காட்டுகிறது. நாஞ்சில் நாட்டுச் சொல், யாழ்ப்பாணச் சொல் என்ற குறிப்புகளும் உண்டு. ஆனால் எத்தனையோ பேச்சுச் சொற்களுக்கு எதிரே ‘இடவழக்கு’ எனப் பொருள்படும் சுருக்கக் குறி ஒன்று மட்டுமே உள்ளது. எந்த இடம் என்பது இல்லை. அச்சொற்களைத் தொகுத்து அனுப்பியவர்களுக்கு இடம் தெரிந்திருக்கும். அட்டையிலிருந்து பக்கத்திற்கு வரும் வழியில் அது விடுபட்டுவிட்டது. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) தமிழ்த் தரவுகளுக்கு முதன்மையாகப் பேரகராதியையே சார்ந்தது. அங்கே சொல் ‘தமிழ்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் நிற்கிறது. அதனைப் பார்த்து எழுதுபவர் அகராதியின் எண்ணை மட்டும் தந்து அமைதியுறுகிறார். உரையாசிரியர் ஒருவரின் ‘குட்டநாட்டார்’ இவ்வாறு மூன்று கைகள் மாறியபின் தமிழர் அனைவரின் சொல்லாகிவிடுகிறது. படித்தது அகராதியை எனில் அகராதியைச் சுட்டுவதே நேர்மை. உரையைச் சுட்ட விரும்பினால் உரையைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

‘பாலக்காட்டுத் தமிழ்’ யாருடையது?

பழைய உரைகளில் ‘குட்டநாட்டார்’ நின்ற இடத்தில் இக்காலக் கட்டுரைகளில் ‘பாலக்காட்டுத் தமிழ்’, ‘இடுக்கித் தமிழ்’ என்னும் பெயர்கள் நிற்கின்றன. பாலக்காடு மாவட்டம் 1957இலும் இடுக்கி மாவட்டம் 1972இலும் அமைந்தவை. ஆட்சி எல்லை மொழி எல்லை ஆவதில்லை என்பதை மொழியியலார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் தரவின் அடியில் மாவட்டப் பெயரை எழுதுவதோடு நிறுத்திவிடுகிறோம்.

பாலக்காட்டில் அக்கிரகாரங்களில் வழங்குவது, தஞ்சை, மதுரை முதலிய பகுதிகளிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் குடியேறிய பிராமணர் பேச்சு. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதி உழவர்களின் பேச்சு கொங்கு வழக்கின் தொடர்ச்சி. அட்டப்பாடியில் இருளர் பேசுவது தமிழுக்கு நெருங்கிய தனிமொழி என்றே பலரும் கொள்வர். அக்கிரகாரப் பேச்சில் ‘வாங்கினேன்’ என்னும் பொருளில் ‘மேடிச்சேன்’ என்பது வழங்கும். மலையாள ‘மேடிக்குக’ என்பதன் தமிழ் விகுதி பெற்ற வடிவம் அது. இதனைப் ‘பாலக்காட்டுத் தமிழ்’ என்ற குறிப்புடன் வெளியிட்டால், அடுத்த ஆய்வாளர் கொழிஞ்சாம்பாறை உழவரின் வாயிலும் அதனை வைத்துவிடுவார். அவ்வாறு வைத்தது தவறு என நிறுவ மூன்றாமவர் களத்திற்கே திரும்பச் செல்ல வேண்டியிருக்கும்.

இடுக்கியின் நிலை இதனினும் சிக்கலானது. 1877இல் பூஞ்ஞாற்று அரசரிடம் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றதன் பின்னர் எழுந்த தோட்டங்களுக்குத் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைப் பகுதிகளிலிருந்து தொழிலாளர் வந்தனர். கம்பம் பள்ளத்தாக்கு உழவர்களுக்கும் மலைக்கும் உள்ள தொடர்பு வேறு வகையினது. முதுவர், மன்னான், பளியர் ஆகியோரின் பேச்சுகள் இவ்விரண்டிலும் அடங்கா. மூணாற்றில் பதிவு செய்த ஒரு சொல் சங்கரன்கோவில் வட்டாரத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்ததா, மலையில் உருவானதா என்பது, பேசியவரின் குடும்பம் எங்கிருந்து வந்தது என்ற ஒரு வரிக் குறிப்பு இருந்தால் மட்டுமே தெரியும்.

மொழிக் கணக்கிலும் இதே குறை பெரும் விளைவுகளை உண்டாக்கியது. மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் அளித்த அறிக்கையில் தேவிகுளம், பீருமேடு வட்டங்களைப் பற்றிய விவாதம் 1951ஆம் ஆண்டுக் குடிமதிப்பை ஒட்டியே நிகழ்ந்தது. தமிழ் பேசுவோர் தொகையை மறுப்பதைவிட, அவர்களுள் தோட்டங்களுக்கு வந்து செல்வோர் எத்தனை பேர், நிலைத்தவர் எத்தனை பேர் என்பதிலேயே வழக்கு நின்றது. குடிமதிப்பின் ‘தமிழ்’ என்ற நிரலில் அதற்கு விடை இல்லை. 1956 நவம்பர் 1 அன்று அவ்வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. அக்குடிமதிப்பை இன்று எடுத்தாள்வோர் நினைவிற்கொள்ள வேண்டிய மற்றொன்றும் உண்டு. 1951இல் பாலக்காடு வட்டம் சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூரோ திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தது. இன்றைய பாலக்காடு மாவட்டத்தின் தமிழர் தொகை எனக் காட்ட விரும்புபவர் இரு மாநிலங்களின் தொகுதிகளையும் பார்த்தாக வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்து ‘1951 குடிமதிப்பு’ என எழுதினால், படிப்பவருக்குக் குறை புலப்படாது.

மீண்டும் தள்ளையையும் அச்சனையும் நோக்கலாம். அச்சன் என்பது தந்தை மட்டுமன்று. பாலக்காட்டு அரச குடும்பத்து ஆடவர்க்கும், கொச்சியில் பாலியத்துத் தலைவருக்கும் அது பட்டப்பெயர். பாலக்காட்டில் ஒருவர் ‘அச்சன்’ என்றார் எனக் குறித்தால் போதாது. மகன் தந்தையை விளித்ததா, குடிகள் தலைவனைச் சுட்டியதா என்பதும் வேண்டும். தள்ளையோ இக்கால மலையாளத்தில் பொருள் தாழ்ந்துள்ளது. மனிதத் தாயைக் குறிக்கும்போது அதில் மதிப்புக் குறைவு தோன்றும். குஞ்சுகளுடன் திரியும் கோழியைத் ‘தள்ளக்கோழி’ என்பதில் அக்குறைவு இல்லை. உரையாசிரியர் காட்டிய குட்டநாட்டார் எந்தத் தாயைத் தள்ளை என்றனர், எத்தொனியில் என்றனர் என்பதை அறிய அவ்வுரையில் வழியில்லை. குமுளியிலோ மறையூரிலோ தமிழர் ஒருவர் வாயில் இன்று அச்சொல் வருமானால், அவர் வயது, தாய்மொழி, பெற்றோரின் ஊர், யாரிடம் எதைச் சுட்டிப் பேசினார், எந்த ஆண்டில் என்பன அச்சொல்லின் கீழேயே எழுதப்படல் வேண்டும். அவரது பெயரை வெளியிட அவர் விரும்பாவிடில் ஓர் எண் போதும்.